2 பேர், ஒரு படகு, 2 ஆயிரம் மைல்! தூக்கத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் கடல் பந்தயம்

1966-ம் ஆண்டு ஜூலை மாதம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள பிளைமவுத் துறைமுகம். 16 பாய்மரப் படகுகள் பந்தயத்துக்குத் தயாராக நின்றன.

ஒவ்வொரு படகிலும் எத்தனை பேர்? இரண்டே பேர்! மூன்றாவது ஆள் ஏறினால் போட்டியில் இருந்து அவுட்.

போக வேண்டிய தூரம் கொஞ்ச நஞ்சம் அல்ல. இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து தீவுகள் அத்தனையையும் ஒரு சுற்று சுற்றி, மறுபடி பிளைமவுத்துக்கே வந்து சேர வேண்டும். சுமார் 2 ஆயிரம் கடல் மைல். நம்ம கணக்கில் 3 ஆயிரத்து 700 கிலோ மீட்டர். கன்னியாகுமரியில் ரெயில் ஏறி காஷ்மீர் பக்கம் போய் இறங்குகிற தூரம்!

என்ஜினைப் போட்டு ஓட்டலாமா? கூடாது. காற்று அடித்தால் போகலாம். அடிக்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"இது என்னய்யா பைத்தியக்காரத்தனம்?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். ஆனால், இந்தப் பந்தயத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

அரைக் கிரவுன் பந்தயம்

பந்தயத்துக்கு யோசனை சொன்னவர் பெயர் ஹாஸ்லர். பிரிட்டிஷ் கடற்படை வீரர். 2-வது உலகப் போரில், 1942 டிசம்பரில், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்சின் போர்டோ துறைமுகத்துக்குள் சிறு தோணிகளில் நுழைந்து, கப்பல்களுக்கு வெடி வைக்கப் போன படைக்கு அவர்தான் தலைவர்.

அன்று 5 தோணிகளில் புறப்பட்டவர்கள் 10 பேர். உயிரோடு நாடு திரும்பியவர்கள் 2 பேர் மட்டுமே. ஹாஸ்லரும், அவரோடு ஒரே தோணியில் துடுப்புப் போட்ட ஸ்பார்க்ஸ் என்ற வீரரும்!

போர் முடிந்தது. ஹாஸ்லருக்கு கடல் ஆசை மட்டும் விடவில்லை. ஒரே ஆள் அட்லாண்டிக் கடலைத் தாண்டுகிற பந்தயம் நடத்த வேண்டும் என்றார். முதலில் யாரும் பணம் போட முன்வரவில்லை. பிரான்சிஸ் சிசெஸ்டர் என்ற இன்னொரு படகோட்டி அவரோடு சேர்ந்து கொண்டார். யாரும் உதவாவிட்டாலும், அரைக் கிரவுன் காசைப் பந்தயமாக வைத்து நாமே ஓட்டுவோம் என்று பேச்சு. அரைக் கிரவுன் என்றால் வெறும் இரண்டரை ஷில்லிங்!

பிறகு ஒரு பத்திரிகை உதவிக்கு வந்தது. 1960 ஜூன் மாதம் பிளைமவுத்தில் இருந்து நியூயார்க்குக்கு 5 பேர் ஆளுக்கொரு படகில் கிளம்பினார்கள். நுரையீரலில் புற்று என்று டாக்டர்கள் சொல்லியிருந்த சிசெஸ்டர், தன் 58-வது வயதில் 40 நாளில் போய்ச் சேர்ந்து முதல் பரிசை அடித்தார். ஹாஸ்லர் 48 நாளில் வந்து 2-வது இடம்.

கிளம்பிய 5 பேரும் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள். அதன் பிறகுதான், பிளைமவுத்தில் உள்ள ராயல் வெஸ்டர்ன் படகு கிளப், இரண்டு பேர் பந்தயத்தை நடத்தியது.

கரைதான் பயம்!

நடுக்கடல்தான் ஆபத்து, கரை ஓரம் பத்திரம் என்று நாம் நினைப்போம். பாய்மரப் படகு ஓட்டுகிறவரைக் கேட்டால் தலைகீழாகச் சொல்லுவார்.

நடுக்கடலில் மோதுவதற்கு என்ன இருக்கிறது? புயல் அடித்தால் பாயைச் சுருக்கிக் கட்டிவிட்டு, படகை அதன் போக்கில் விடலாம். கரை ஓரத்தில் அது நடக்காது. பாறை இருக்கிறது. மணல் திட்டு இருக்கிறது. மீன் வலை கிடக்கிறது. சரக்குக் கப்பல் குறுக்கே வருகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை நீரோட்டம் திசை மாறி இழுக்கிறது. காற்று கரையைப் பார்த்து அடித்தால் போச்சு, படகைப் பாறை மேல் தள்ளிவிடும்.

இந்தப் பந்தயமோ முழுக்க முழுக்க கரையைச் சுற்றித்தான். 1930-ல் கடைசிக் குடிமக்கள் 36 பேரும் காலி செய்து போன செயின்ட் கில்டா தீவைச் சுற்ற வேண்டும். வடக்கு நுனியில் கலங்கரை விளக்கம் நிற்கிற மக்கிள் பிளக்கா பாறையைச் சுற்ற வேண்டும். பிறகு எண்ணெய்க் கிணறுகளும் கப்பல்களும் நெருங்கிய வடகடல் வழியாகத் தெற்கே இறங்க வேண்டும்.

தூக்கத்தில் பங்கு

அப்படியானால் தூக்கம்? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

கடலில் போகிற எந்தக் கலமும் எந்நேரமும் கண்காணிப்பு வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஒற்றை ஆளாகப் போகிறவர் என்ன செய்வார்? எப்போதாவது தூங்கித்தானே ஆக வேண்டும்? ஒற்றை ஆள் பந்தயத்துக்கு அன்று முதல் இன்று வரை சொல்லப்படும் பெரிய குறை இதுதான்.

இரண்டு பேர் என்றால் குறை தீர்ந்தது. ஒருவர் சுக்கான் பிடித்தால் மற்றவர் தூங்கலாம். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று முறை வைத்துக் கொள்வார்கள். மில்லில் ஷிப்ட் மாறுகிற மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போக முடியாது!

பாய் கிழிந்தால் இரண்டு பேரும் எழ வேண்டும். காற்று மாறினால் இரண்டு பேரும் எழ வேண்டும். மோசமான நாளில் ஒரு மணி நேரத் தூக்கம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

இதற்கும் ஹாஸ்லர் ஒரு வழி கண்டுபிடித்தார். படகின் பின்புறம் காற்றாடிப் பலகை ஒன்று. படகு திசை தவறினால் காற்று அந்தப் பலகையைச் சாய்க்கும். அது தண்ணீருக்குள் தொங்கும் இன்னொரு பலகையைத் திருப்பும். ஓடுகிற தண்ணீரின் வேகம் அதைத் தள்ள, கயிறு சுக்கானை இழுத்துப் படகை நேராக்கும். மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம். சம்பளம் கேட்காத மூன்றாவது ஆள்!

ஆனாலும் காற்றாடிக்குக் கண் கிடையாது. எதிரே கப்பல் வந்தால் அதற்குத் தெரியாது. மனிதன் விழித்திருக்கத்தான் வேண்டும்.

தூங்குகிறவர் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றால், விழித்திருப்பவர் மேல் முழு நம்பிக்கை வேண்டும். ஒரு சின்ன அறையில், ஈரத் துணியோடு, அரை வயிற்றுச் சாப்பாட்டோடு, இரண்டு பேர் வாரக் கணக்கில் சண்டை இல்லாமல் இருப்பது சாமானியமா? படகு ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. சரியான ஜோடி கிடைக்க வேண்டும்.

48 மணி நேரம்

இந்தப் பந்தயத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. வழியில் 4 ஊர்களில் கட்டாயமாக நிற்க வேண்டியிருந்தது. அயர்லாந்தில் கிராஸ்ஹேவன், ஸ்காட்லாந்தின் பாரா தீவு, ஷெட்லாண்டு தீவில் லெர்விக், கிழக்குக் கரையில் லோஸ்டாப்ட்.

ஒவ்வொரு ஊரிலும் 48 மணி நேரம். ஒரு நிமிடம் கூட முன்னால் கிளம்பக் கூடாது. காலை 3 மணிக்கு வந்தவர், மறுநாள் கழித்து காலை 3 மணிக்குக் கிளம்பலாம். முந்தி வந்தவரின் லாபம் அப்படியே இருக்கும்.

ஏன் இந்த ஏற்பாடு? படகை ரிப்பேர் பார்க்க. கிழிந்த பாயைத் தைக்க. முக்கியமாக, தூங்க!

ஆனால் கிடைத்த லாபம் வேறு. கடலில் போட்டியாளர்களாக இருந்தவர்கள் கரையில் கூட்டாளிகள் ஆனார்கள். இந்த மாதிரி கிளப் பந்தயங்களில் ஒரு பழக்கம் உண்டு. முன்னால் வந்தவர் பின்னால் வருகிறவரின் கயிற்றைப் பிடித்துக் கட்டுவார். ஒருவரிடம் ஸ்பானர் இல்லை என்றால் அடுத்த படகில் இருந்து வரும். பாறை எங்கே, நீரோட்டம் எங்கே என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுவார்கள். கடைசிப் படகு வந்து சேரும் வரை கிளப்பில் யாராவது ஒருவர் கண் விழித்திருப்பார்.

கிராஸ்ஹேவனில் உள்ள ராயல் கார்க் கிளப் 1720-ல் தோன்றியது என்கிறார்கள். உலகத்திலேயே பழைய படகு கிளப் என்று அதற்குப் பெயர்.

"கட்டுமரம்" ஜெயித்தது!

1966-ல் முதல் பரிசு யாருக்கு? டெரிக் கெல்சால், மார்ட்டின் மின்டர்-கெம்ப் ஜோடிக்கு. அவர்கள் படகின் பெயர் "டோரியா". 42 அடி நீளம். கெல்சால் தானே கட்டிய படகு.

அது சாதாரணப் படகு அல்ல. நடுவில் ஒரு உடல், இரண்டு பக்கமும் ஒவ்வொரு மிதவை. ஆங்கிலத்தில் "டிரைமரான்" என்பார்கள். இரட்டை உடல் படகுக்கு "கேட்டமரான்". அந்தச் சொல் எங்கிருந்து போனது தெரியுமா? நம்ம ஊர் மீனவர்களின் "கட்டுமரம்" தான்! படகின் வடிவம் வேறு. பெயர் மட்டும் தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருந்து போனது. அதை மாதிரியாக வைத்துத்தான் "டிரைமரான்" என்ற பெயரும் பிறந்தது.

1970, 1974 இரண்டு பந்தயங்களிலும் ஜெயித்த ஜோடியில் ஒருவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1969-ல் ஒற்றை ஆளாக, எங்கும் நிற்காமல் உலகத்தை முதன்முதலில் சுற்றி வந்தவர் இவர்தான். அதற்கு அவர் ஓட்டிய 32 அடிப் படகு "சுஹைலி" பம்பாயில் கட்டிய தேக்குப் படகு!

அந்த உலகப் பந்தயத்தில் குரோஹர்ஸ்ட் என்ற ஓய்வுநேரப் படகோட்டியும் கலந்து கொண்டார். வீட்டையே பணயம் வைத்துக் கிளம்பியவர். படகு ஒத்துழைக்கவில்லை. திரும்பினால் கடன், போனால் சாவு. பொய்யான இடங்களை ரேடியோவில் சொல்லிக் கொண்டிருந்தார். கடைசியில் 1969 ஜூலையில் ஆளில்லாத படகுதான் அட்லாண்டிக்கில் கிடைத்தது. மனைவியும் 4 குழந்தைகளும் நிர்க்கதி ஆனார்கள்.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைத்த 5 ஆயிரம் பவுண்டு பரிசை அப்படியே அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்து விட்டார்.

ஜெயித்தவரையும் விடாத கடல்

1982-ல் இந்தப் பந்தயத்தை ஜெயித்தது ஒரு கணவன், மனைவி ஜோடி. ராப் ஜேம்ஸ், நவோமி ஜேம்ஸ். 1978-ல் உலகத்தைத் தனியாகப் படகில் சுற்றி வந்தவர் நவோமி.

அடுத்த ஆண்டு மார்ச் மாதம். அதே படகு. இங்கிலாந்தின் தென்கரையில் சால்கம் ஊர் பக்கத்தில் போய்க் கொண்டிருந்தது. படகின் உடல்களுக்கு நடுவே கட்டியிருந்த வலை விட்டுப்போக, ராப் கடலில் விழுந்தார்.

அன்று படகில் இரண்டு பேர் அல்ல, இன்னும் பலர் இருந்தார்கள். அப்படியும் குளிர்ந்த தண்ணீரில் இருந்து அவரை உயிரோடு தூக்க முடியவில்லை. நவோமி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. 10 நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது.

உலகக் கடல்களில் எல்லாம் படகு ஓட்டியவர். போனது கரைக்குப் பக்கத்தில்!

இரண்டு பேர் படகில் இப்படி நடந்தால் என்ன ஆகும்? ஒருவர் உள்ளே தூங்குவார். மேலே இருப்பவர் விழுந்தால் சத்தம் கூடக் கேட்காது. அதனால்தான் இடுப்பில் வார் கட்டி, அதைப் படகோடு மாட்டிக் கொள்ளாமல் மேலே வரக் கூடாது என்று அடித்துச் சொல்கிறார்கள்.

முதல் விதி என்ன?

பாய்மரப் போட்டிக்கென்று உலகம் முழுவதற்கும் ஒரே விதிப் புத்தகம் இருக்கிறது. அதில் முதல் விதியே வேகத்தைப் பற்றியது அல்ல. ஆபத்தில் இருக்கிற எந்த ஆளுக்கும், எந்தப் படகுக்கும் முடிந்த உதவி அத்தனையும் செய்ய வேண்டும் என்பதுதான்!

அப்படி உதவப் போய் நேரம் இழந்தால்? அந்த நேரத்தைக் கேட்டுத் திரும்ப வாங்கலாம்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2018 செப்டம்பரில் உலகம் சுற்றும் ஒற்றை ஆள் பந்தயத்தில், நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு இந்தியப் பெருங்கடல் புயலில் புரண்டது. பாய்மரம் ஒடிந்தது. முதுகெலும்பு முறிந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். கூடப் போட்டியிட்ட அயர்லாந்துக்காரர் கிரிகோர் மக்கக்கின், தன் படகின் பாய்மரமும் ஒடிந்து போன நிலையில், ஒட்டுப் போட்ட பாயோடு அவரை நோக்கிக் கிளம்பினார். கடைசியில் பிரெஞ்சு மீன்வளக் கப்பல் ஒன்று வந்து மீட்டது.

முதுகில் டைட்டானியம் கம்பியோடு டோமி 2022-ல் மறுபடியும் அதே பந்தயத்துக்குப் போனார். நவம்பரில் பின்லாந்துக்காரர் ஒருவரின் படகு மூழ்கியது. தென்னாப்பிரிக்கப் பெண் கிர்ஸ்டன் நாய்ஷேபர் படகைத் திருப்பிப் போய், மிதவையில் தத்தளித்தவரை மீட்டார். உதவிக்குத் திரும்பிய இன்னொருவர் யார்? அதே அபிலாஷ் டோமி!

கிர்ஸ்டனுக்கு 35 மணி நேரம் திரும்பக் கிடைத்தது. 2023 ஏப்ரலில் அவர்தான் முதல் பரிசு. டோமிக்கு 2-வது இடம்.

புதுவைப் பெண்

இரண்டு பேர் படகுக் கதையில் நம்ம பக்கத்துப் பெயரும் ஏறி விட்டது. 2024 அக்டோபர் 2-ந் தேதி கோவாவில் இருந்து கடற்படையின் "தாரிணி" பாய்மரப் படகு கிளம்பியது. உள்ளே இருந்தவர்கள் 2 பெண் அதிகாரிகள். ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. இவர்களுக்கு வழிகாட்டி அபிலாஷ் டோமிதான்.

இது பந்தயம் அல்ல. கடற்படை அனுப்பிய பயணம். ஆனால் சட்டம் அதேதான். இரண்டே பேர். பாயில்தான் ஓட வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பால்க்லாந்து தீவு, தென்னாப்பிரிக்கா என்று 4 இடத்தில் மட்டும் நின்று, உலகத்தையே சுற்றினார்கள்.

2025 மே 29-ந் தேதி கோவாவுக்குத் திரும்பினார்கள். 8 மாதம்! ஒருவர் விழித்திருக்க மற்றவர் தூங்கி, அவர் எழுந்ததும் இவர் படுத்து, இரண்டு பேரும் முழுசாகக் கரை இறங்கினார்கள்.