இளைஞர் பழக்கச் சொற்களில் வேற்றுமை உருபுகள்

தமிழிலக்கணம் வழக்கு, செய்யுள் என்னும் இரண்டனையும் நிலைக்களனாகக் கொண்டு எழுந்தது. ஆயினும், இளைஞர் தம்முள் பழகுங்கால் வழங்கும் சொற்களைக் கொச்சை எனத் தள்ளுதலே நம்மிடைப் பெருவழக்காக உள்ளது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய சென்னைப் பகுதிகளில், கல்லூரி வாயில்களிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் கேட்கப்படும் ‘சைட் அடித்தல்’, ‘நூல் விடுதல்’, ‘கடலை போடுதல்’, ‘செட் ஆதல்’ முதலிய தொடர்களின் பொருள் வேறுபாடு எதனாற் புலப்படுகின்றது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவற்றைக் குழூஉக்குறி என்று கூறி அமைதல் எளிது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றாற்போல, மாணவர் பிறர் அறியாவண்ணம் பேச இவற்றை ஆக்கினர் எனலாம். ஆனால், திரைப்படங்களின் வாயிலாக இவை தமிழகமெங்கும் பரவிவிட்டன. மறைத்தற் பயன் பெரிதும் ஒழிந்தது. எஞ்சிய பயன் யாது? ‘காதல்’ என்னும் சொல் திருமணம், குடும்பம், சாதி பற்றிய வினாக்களை உடன் கொணர்வது. அதற்கு முற்பட்ட மெல்லிய நிலைகளைப் பகுத்துரைக்கவே இச்சொற்கள் நிலைபெற்றன.

இவற்றுட் பல, பெயரும் வினையும் கூடி ஒருவினைத் தன்மை எய்தியவை. ‘சைட்’ ஆங்கிலப் பெயர். ‘நூல்’, ‘கடலை’ தமிழ்ப் பெயர்கள். பெயர் எம்மொழியதாயினும் முடிக்கும் வினை தமிழே. ‘அவளைச் சைட் அடித்தான்’ என்புழி, ‘சைட்’ தனித்த செயப்படுபொருளாயின் ‘அவளை’ என மற்றொன்று வருதற்கு இடமில்லை. ஆகவே ‘சைட் அடி’ என்பது கூட்டுவினை என்பது தெளிவு.

இனி, எதிர்நிற்பவர் எவ்வுருபு ஏற்கின்றார் எனக் காண்போம். சைட் அடித்தலாவது ஒருவரை விரும்பி நோக்கி மகிழ்தல். முன்னர் ஆடவர்க்கே உரியதாயிருந்த இவ்வினையை இன்று மகளிரும் தமக்கு உரியதாக வழங்குகின்றனர். இதன்கண் எதிர்நிற்பவர் ‘ஐ’ உருபு ஏற்பர்; அவர் அறிதலும் உடன்படுதலும் வேண்டா. நூல் விடுதல், ரூட் விடுதல் என்பன விருப்பத்தைக் குறிப்பால் உணர்த்த முயலுதல். ‘அவளுக்கு நூல் விடுகிறான்’ என நான்காம் வேற்றுமை வருதலின், எதிர்நிற்பவர் கொள்வோர் நிலையினர். கொள்வாரோ மறுப்பாரோ என்பது வினையில் அடங்கவில்லை. கடலை போடுதலாவது ஆணும் பெண்ணும் பயன் கருதாது நெடுநேரம் உரையாடுதல். ‘அவளோடு கடலை போடுகிறான்’ என்பதில் ‘ஓடு’ உடனிகழ்ச்சிப் பொருளது. மறுமொழியின்றி இது நிகழாது. மறுப்பு நேரின், ‘அவளிடம் பல்பு வாங்கினான்’ என்பர். ஈண்டு விடுத்தவனே பெறுவோன் ஆகின்றான்.

‘செட் ஆதல்’ என்பதில் ‘ஆகு’ என்னும் வினை வருதல் கருதத்தக்கது. ‘இருவருக்கும் செட் ஆகிவிட்டது’ என்புழிச் செய்வோன் எனத் தனித்து ஒருவர் இலர். இருவரும் ஓருருபின்கீழ் நிற்கின்றனர். ‘கமிட் ஆதல்’ பிறரை நாடாமை என்னும் உறுதியையும் உணர்த்தும்.

ஓர் ஐயம் எழலாம். திருமண உறுதியின்றி ஒருவரையொருவர் அறியப் பழகுதலை ‘அவனோடு டேட்டிங் போகிறாள்’ என்பதோடு ‘அவனை டேட் பண்ணுகிறாள்’ என்றும் வழங்குவர். பின்னதில் ‘ஐ’ வரினும் ஒருதலைமை இல்லை. ஆங்கில வினையின் அமைப்பைத் தழுவியது அது. ‘காதலி’ என்னும் தமிழ்வினையும் ‘ஐ’ ஏற்பதே. எனவே உருபை மட்டும் கொள்ளாது, வினையோடு சேர்த்தே பொருள் காணல் வேண்டும்.

இப்பாகுபாடு தமிழர்க்குப் புதிதன்று. மறுமொழி பெறாதவன் தானே சொல்லி இன்புறுதலைக் கைக்கிளை எனவும், இருவர் ஒத்த அன்பை ஐந்திணை எனவும் தொல்காப்பியர் பிரித்தார். பழைய நூலோர் திணையால் வகுத்த எல்லையை இற்றை வழக்கு உருபாலும் வினையாலும் காட்டுகின்றது.

இவ்வெல்லையை மறத்தல் தீங்கு பயக்கும். ‘ஈவ் டீசிங்’ என்னும் பெயர் பெண்டிர்க்கு இழைக்கும் கொடுமையை விளையாட்டுப்போலத் தோன்றச் செய்தது. சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் அத்தகைய கொடுமையால் உயிரிழந்த பின்னர், 1998-இல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் பிறந்தது. அச்சட்டமும் முதலில் அப்பெயரையே தாங்கியது. 2002-இல் அது நீக்கப்பெற்றுப் ‘பெண்ணைத் துன்புறுத்தல்’ எனப் பொருள்படும் தொடர் இடம்பெற்றது. சைட் அடித்தலும் நூல் விடுதலும் நகைச்சுவையாகப் பேசப்படினும், அவற்றின் இலக்கண அமைப்பில் எதிர்நிற்பவரின் உடன்பாடு இல்லை. உடன்பாட்டைக் கடலை போடுதலிலும் செட் ஆதலிலுமே காண்கின்றோம்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களோடு பொருள் விளக்கிற்று. இனி வழக்குச் சொல் தொகுக்கும் மாணவர், ஒவ்வொரு கூட்டுவினைக்கும் பொருளோடு அது கொள்ளும் உருபையும் குறித்தல் வேண்டும். ‘அவளை’, ‘அவளுக்கு’, ‘அவளோடு’ என்னும் மூன்றனையும் ஒன்றெனக் கொள்ளும் அகராதி, இளைஞர் தெளிவாக உணர்ந்து வழங்கும் வேறுபாட்டை இழந்ததாகும்.