இலையின் மணமும் புகையின் விலையும்



புதுநெல் அரிசியை நம் இல்லத்தரசியர் உடனே உலையில் இடுவதில்லை. சில மாதங்கள் வைத்திருந்து, பழையதான பின்னரே வடிப்பர். அப்போதுதான் சோறு குழையாது. காப்பிப் பொடி வாங்கும்போதோ, பீபெரி எவ்வளவு, பிளாண்டேஷன் எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று கடைக்காரரிடம் கணக்குச் சொல்லியே வாங்குவர். காலத்தால் கனிவித்தல், அளவறிந்து கலத்தல் என்னும் இவ்விரண்டு நுணுக்கங்களே புகையிலைத் தொழிலுக்கும் உயிர்நாடி. எனினும் சோற்றுக்கும் காப்பிக்கும் இல்லாத ஒரு பெரும் விலை இதற்கு உண்டு. அவ்விரண்டையும் சேர்த்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெங்களூர்வாழ் தமிழருக்குப் புகையிலை அயலான பொருளன்று. 1910-இல் கல்கத்தாவில் தொடங்கப்பெற்ற இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி 1913-இல் இந்நகரில் சிகரெட் தொழிற்சாலை அமைத்தது. தமிழர் மிகுந்து வாழ்ந்த தண்டுப் பகுதியை ஒட்டி அது எழுந்தது. மைசூரை அடுத்த ஹுன்சூர், பிரியாபட்டணா, எச்.டி. கோட்டை ஆகிய வட்டாரங்களில் விளையும் வர்ஜீனியா இலை இன்று உலகச் சந்தையில் பெயர் பெற்றது. 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த புகையிலை வாரியம் 1984 முதல் கருநாடகத்தில் அவ்விலையை ஏலமுறையில் விற்பித்து வருகிறது.

பச்சை இலையில் நாம் அறிந்த மணம் எதுவும் இராது. பறித்த இலைகளைக் கழிகளில் கோத்து, உயர்ந்த சூளைக்கொட்டகையில் தொங்கவிடுவர். வெளியே அடுப்பு எரியும். அதன் வெப்பம் மட்டும் இரும்புக் குழாய்களின் வழியே உள்ளே பரவும். புகை இலையைத் தீண்டாது. முதலில் மெல்லிய சூட்டில் இலை மஞ்சளாகும்போது அதிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது. பின்னர்ச் சூட்டைப் படிப்படியாக ஏற்றி, முதலில் இலைப்பரப்பையும் இறுதியில் நடுநரம்பையும் உலர்த்துவர். இதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். சூடு முந்தினால் இலை பச்சையாகவே நின்றுவிடும், பிந்தினால் கறுத்துவிடும். பர்லி என்னும் மற்றோர் இனத்தையோ நிழற்காற்றில் பல வாரங்கள் மெல்ல உலர்த்துவர்; அதில் சர்க்கரை தங்குவதில்லை.

உலர்ந்த இலையும் உடனே பயன்படாது. காரமும் உறைப்பும் மிகுந்திருக்கும். ஆதலின் ஈரத்தை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் நிறுத்தி, இறுகக் கட்டி, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கிடங்கில் வைப்பர். அம்மோனியா மெல்ல வெளியேறும். நிறம் ஆழ்ந்து செம்மை பெறும். இலையின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் தம்முட் கூடிப் புதிய மணங்களைப் பிறப்பிக்கும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். குறைந்தால் மணம் பறந்து இலை பொடியாகும். ‘புகையிலை விரித்தால் போயிற்று’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்ததன் பொருள் இதுவே.

குழாயில் இட்டுப் புகைக்கும் பைப் புகையிலையில்தான் கலவைக்கலை உச்சம் பெற்றது. இனிப்புள்ள வர்ஜீனியாவை அடித்தளமாகக் கொள்வர். சாற்றை உறிஞ்சிக்கொள்ளும் பர்லியை அதனோடு சேர்த்து, அதிமதுரம், கோக்கோ, வெல்லப்பாகு முதலியவற்றால் ஊட்டுவர். வெயிலில் உலர்ந்த துருக்கிச் சிற்றிலை நறுமணம் தரும். சைப்ரஸ், சிரியா நாடுகளில் விறகுப் புகையூட்டிய லட்டாக்கியாவையும், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பீப்பாய்களில் அழுத்தித் தன் சாற்றிலேயே புளிக்கவைத்த பெரிக்கையும் குழம்புக்குப் பெருங்காயம் போலச் சிறிதே சேர்ப்பர். கலந்ததை அழுத்திப் பாளமாக்கித் தகரப்பெட்டியில் அடைத்த பின்னரும் கனிதல் தொடரும்.

இக்கலை மேனாட்டாருக்கே உரியது என்று எண்ணற்க. தென்னை மட்டையும் உரிமட்டையும் எரித்த புகையில் இலையைப் பதமாக்கித் திருவிதாங்கூருக்கு அனுப்பியவர் யாழ்ப்பாணத்தார். திண்டுக்கல் சுருட்டும் வேதாரணியத்துப் புகையிலையும் நாடறிந்தவை. வெல்ல நீர் தெளித்து இலையை மூட்டம் போடும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு உழவர் அறிவர். திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூரில் 1948-லேயே ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. சீனிச்சர்க்கரைப் புலவரோ பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக அனுப்பி ஒரு சிற்றிலக்கியம் பாடினார்; அதனை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார்.

இவ்வளவு அறிவும் பொறுமையும் செலவிட்டுப் பெறும் மணத்தின் மறுபக்கம் யாது? அதிலுள்ள நிக்கோட்டின் மனிதனை அடிமையாக்குவது. அதன் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் அறுபதுக்கும் மேற்பட்டவை புற்றுநோயை விளைவிப்பவை. பைப் புகைப்பவர் புகையை உள்ளிழுப்பது குறைவு என்று சொல்லி ஆறுதல் கொள்வர்; ஆயினும் உதடு, வாய், தொண்டை ஆகியவற்றில் தோன்றும் புற்று அவர்களை விடுவதில்லை. மென்று சுவைப்போருக்கும் அதுவே கதி. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: நைட்ரோசமைன் என்னும் கொடிய நஞ்சுகள் இலையைப் பதப்படுத்தும்போதும், பிறகு கிடங்கில் வைத்திருக்கும்போதும் உருவாகின்றன. காலம் உறைப்பைத் தணிக்கும், நஞ்சைத் தணிப்பதில்லை. பழம்புளிக்கும் பழைய புகையிலைக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

மணம் என்பது இங்கே ஒரு திரை. இனிப்பூட்டிய கலவையின் வாசனை உறைப்பை மறைத்து இளைஞரை எளிதில் ஈர்க்கிறது. பழமணம் ஏற்றிய ஹூக்காவை நம் நகர விடுதிகளில் மாணவர் நாடியதும் அதனாலன்றோ? 2024 பிப்ரவரியில் கருநாடக அரசு அதனைத் தடை செய்தது. பொது இடங்களில் புகைத்தலுக்கு 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் கடுமையான விதிகள் உள்ளன. ஆயினும் வீட்டுத் திண்ணைக்குக் காவலர் வருவதில்லை. அங்கே காவல் நாமே.

நம் குடும்பங்கள் பலவற்றில் தாத்தாவின் சுருட்டு மணமும் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியும் அன்பின் நினைவாகவே நிற்கின்றன. அந்நினைவை இகழ வேண்டுவதில்லை. ஆனால் அவ்விருவரின் இரவு இருமலையும் ஆறாத வாய்ப்புண்ணையும் சேர்த்தே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் வெட்கமின்றி மருத்துவரிடம் காட்டுக. 1973 முதல் இந்நகரில் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. பழக்கத்தை விட விரும்புவோருக்கு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் உதவி கிடைக்கும். 1800-11-2356 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணிலும் வழிகாட்டுவர்.

கனிவித்தலும் கலத்தலும் அழிய வேண்டிய கலைகள் அல்ல. ஹுன்சூர் உழவர் இலையின் நிறங்கண்டு அடுப்பைத் தணிக்கும் கூர்மை வியப்புக்குரியது. அக்கூர்மைக்கு வேறு பயிரிலும் வாழ்வு கிடைக்க வேண்டும் என்பதே நம் விருப்பம். நம் வீட்டளவில் அக்கலைகள் அரிசிப் பானையிலும் காப்பி வடிகட்டியிலும் தழைக்கட்டும். இன்று மாலை வீட்டில் யாரேனும் தீக்குச்சியைக் கிழிக்க எடுத்தால், அவர் கையில் ஒரு தம்ளர் நல்ல காப்பியைக் கொடுத்து அருகில் அமருங்கள், மற்றவற்றைப் பேசிக்கொள்ளலாம்.