நடுங்கும் ஒளியை நேராக்கும் ஆடி

நுழையும்முன்

விண்மீன் மின்னுவது காண்போருக்கு அழகு; வானியலறிஞருக்கோ அது இடையூறு. அவ்விடையூற்றை வென்ற கலையே தகவமை ஒளியியல்.

நெளியும் காற்று

மீமிசல் வழியே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கோடை நண்பகலில் நோக்குங்கள். தொலைவில் வரும் பேருந்து நீருக்குள் நெளிவது போலத் தோன்றும். நெளிவது பேருந்தன்று, வெப்பக் காற்றும் குளிர்காற்றும் கலந்து ஒளியை வெவ்வேறு அளவில் விலகச் செய்கின்றன. இரவில் விண்மீன்கள் மின்னுவதும் இதனால்தான்.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியில் 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடி உள்ளது. ஆடி பெரிதானால் மிகுதியான ஒளி சேரும். நுட்பமும் கூட வேண்டும். ஆனால், காற்றின் கலக்கத்தால் எத்துணைப் பெரிய ஆடியும் 10 அல்லது 20 செ.மீ. ஆடி காட்டும் நுட்பத்தையே ஏறத்தாழக் காட்டும். பெருமுயற்சியின் பயனைக் காற்று பறித்துக்கொள்கிறது.

திருத்தும் முறை

விண்மீனின் ஒளி தட்டையான அலைமுகப்பாக வந்து, காற்றில் கசங்குகிறது. அதனை உடனுக்குடன் நேராக்கலாம் என்று 1953இல் அமெரிக்க வானியலறிஞர் ஹொரேஸ் பாப்காக் கருத்துரைத்தார்.

இதற்கு மூன்று உறுப்புகள் வேண்டும். அலைமுகப்பு உணரி, சிறுவில்லைகளின் வரிசையால் கசங்கலை அளக்கிறது. கணினி திருத்தத்தைக் கணக்கிடுகிறது. மெல்லிய ஆடியின் பின்புறமுள்ள நுண்தண்டுகள் அதனை வளைக்கின்றன. அலைமுகப்பு பின்தங்கிய இடத்தில் ஆடி, பின்தங்கிய தொலைவில் பாதியளவு முன்வந்தால் போதும். ஒளி சென்று மீள்வதால் திருத்தம் இருமடங்காகும். இச்செயல் ஒரு நொடியில் பல நூறு முறை நிகழ்கிறது.

கசங்கலை அளக்க, அருகில் ஒளிமிக்க விண்மீன் வேண்டும். அஃது இல்லாதபோது, சுமார் 90 கி.மீ. உயரத்திலுள்ள சோடியம் அணுக்களை லேசர் கதிரால் ஒளிரச் செய்து, செயற்கை விண்மீனை உருவாக்குகின்றனர்.

விண்ணிலிருந்து கண்ணுக்கு

நம் கண்ணின் வில்லையும் விழிவெண்படலமும் குறையற்றவை அல்ல. விழித்திரையைப் படமெடுக்கும்போது அவையும் ஒளியைக் கசக்குகின்றன. 1990களில் இதே முறையால் அக்கசங்கலைத் திருத்தி, உயிருள்ள மனிதரின் விழித்திரைக் கூம்பு செல்களைத் தனித்தனியே கண்டனர். விண்மீனுக்காகப் பிறந்த கலை, பார்வையிழப்பு நோய்களை ஆராயவும் உதவுகிறது.

காற்றை நிறுத்த நம்மால் இயலாது. அதன் போக்கை அளந்தறிந்து, அதற்கேற்ப வளைந்து, உண்மையைக் காண இயலும்.