வரி போச்சு, குடோன் ஏன் போகலை? கிடங்குக்கு இடம் பிடிக்கும் கணக்கு

மும்பையிலிருந்து நாசிக் போகும் வழியில் பிவண்டியைக் கடந்தால் இரண்டு பக்கமும் குடோன்கள்தான். விசைத்தறிக்குப் பேர்போன ஊரில் இத்தனை கிடங்குகள் எப்படி வந்தன?

முக்கியக் காரணம், வரி. மும்பைக்குள் சரக்கு நுழைந்தால் ஆக்ட்ராய் கட்ட வேண்டும். அதனால் எல்லைக்கு வெளியே இறக்கி வைத்து, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பினார்கள். வாடகையும் குறைவு.

நாடு முழுக்க இதே கதைதான். வெளிமாநிலத்துக்கு விற்றால், சி ஃபார்ம் கொடுத்தாலும் 2 சதவீத மத்திய விற்பனை வரி உண்டு. சொந்த டிப்போவுக்குச் சரக்கை மாற்றினால் அது விற்பனை இல்லை. அந்த வரியும் இல்லை. விடுவார்களா? மாநிலத்துக்கு ஒரு டிப்போ போட்டார்கள்.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. மும்பை ஆக்ட்ராயும் ஒழிந்தது. பெட்ரோல், டீசல் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு அந்த 2 சதவீதமும் போனது. அதன்பிறகு நிறுவனங்கள் தூரத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தன. பிவண்டி அந்தக் கணக்கிலும் தேறியது. பக்கத்தில் பெருநகரம், ஜவஹர்லால் நேரு துறைமுகமும் தொலைவில்லை.

நம்ம ஊர் உதாரணம் ஓசூர். பெங்களூருவுக்குச் சுமார் 40 கி.மீ. கிருஷ்ணகிரி போனால் சென்னைக்கு ஒரு சாலை, சேலத்துக்கு ஒரு சாலை. ஒரே குடோன் இரண்டு மாநிலத்துக்குச் சரக்கு கொடுக்கலாம்.

குடோன்களைக் குறைத்தால் என்ன லாபம்? திடீர்த் தேவைக்காக ஒவ்வொரு இடத்திலும் கூடுதல் சரக்கு வைக்க வேண்டும். 16 டிப்போக்களை 4 ஆக்கினால் அந்தக் கூடுதல் இருப்பு ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையின் பழைய சூத்திரம். முடங்கிக் கிடக்கும் பணம் வெளியே வரும்.

வரைபடத்தில் நடுப்புள்ளி வைத்தால் மட்டும் போதாது. லாரிக்காரர் முதலில் கேட்பது, “ரிட்டர்ன் லோடு கிடைக்குமா சார்?” என்பதைத்தான். காலியாகத் திரும்ப வேண்டிய ஊர் என்றால் அந்த டீசல் காசும் வாடகையில் ஏறிவிடும். எனவே, நடுவில் இருக்கும் ஊரைவிட, சரக்கு வந்தும் போயும் இருக்கும் ஊரே ஜெயிக்கும்.

இதில் அடிபடுவது டிப்போ மூடப்படும் ஊர். அங்கே லோடுமேன்களுக்கு வேலை போகும். மறுநாளே சரக்கு எடுத்துப் பழகிய கடைக்காரர் இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும்; இல்லையென்றால் தன் காசைப் போட்டுக் கூடுதலாக வாங்கி அடுக்க வேண்டும். கம்பெனி குறைத்த ஸ்டாக்கில் ஒரு பங்கு அவர் கடையில்தான் இருக்கிறது.