லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

விற்பனைத் தாளில் லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டர் என்று அச்சிட்டிருந்தது. படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த முதலாண்டு அது. கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்குப் போய்வர நாளொன்றுக்கு 56 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களையும் சேர்த்து மாதம் 1,400 என்று வைத்துக்கொண்டேன். 19ஆல் வகுத்தால் 74 லிட்டர். மீதிச் சம்பளத்தில் காரின் மாதத் தவணையும் பி.டி.பி.டி.என். கடனும் அடங்குமா என்று பார்த்தேன். அடங்கியது. ஒரு லிட்டர் டர்போ இயந்திரம் கொண்ட சிறிய எஸ்யூவி ஒன்றை வாங்கிவிட்டேன்.

இரண்டாம் மாதமே கணக்கு உதைத்தது. உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து பார்ப்பது எளிது. தொட்டி நிரம்பி, ஊற்றுக்குழாய் தானாக நிற்கும் வரை எண்ணெய் ஊற்ற வேண்டும். ஓட்டத் தூரத்தைச் சுழியமாக்கிவிட்டு வழக்கம்போல் ஓட்டி, அடுத்த முறையும் அதே குழாயில் அதேபோல் நிரப்ப வேண்டும். ஆறு நாளில் நான் ஓடியது 336 கிலோமீட்டர். ஊற்றியது 28 லிட்டர். லிட்டருக்கு 12! காரின் திரையோ 13.1 என்று காட்டிக்கொண்டிருந்தது. அதன் நம்பிக்கையைப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்படியானால் விற்பனைத் தாள் பொய்யா? இல்லை. அந்த எண் சோதனைக்கூடத்தில் பிறந்தது. நெடுங்காலம் வழக்கிலிருந்த என்.இ.டி.சி. என்னும் ஐரோப்பியச் சோதனை, ஏறக்குறைய 20 நிமிடத்தில் 11 கிலோமீட்டர் ஓட்டம். வேகம் மெல்லக் கூடும், மெல்லக் குறையும். குளிரூட்டி அணைந்திருக்கும். உண்மைச் சாலைக்கும் இதற்கும் இடைவெளி பெருகியதால் ஐரோப்பாவில் 2017 முதல் டபிள்யூ.எல்.டி.பி. என்னும் கடுமையான முறை அதன் இடத்தைப் பிடித்தது. நம் கூட்டரசு நெடுஞ்சாலையின் காலை ஏழரை மணியை எந்தச் சோதனைக்கூடமும் பார்த்ததில்லை.

அந்த ஏழரை மணியில் எண்ணெய் எங்கே போகிறது? ஆள்களோடு 1,100 கிலோ எடையுள்ள காரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 153 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருந்தாலும், அதில் கால்பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 19 மில்லிலிட்டர், அதாவது நான்கு தேக்கரண்டி, செலவாகும். உடனே முன்னால் சிவப்பு விளக்கு! பிரேக்கை மிதித்ததும் அந்த நான்கு கரண்டியும் வெறும் சூடாகிப் போகிறது. ஐம்பது முறை இப்படி நின்று கிளம்பினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போய்விடும். நெரிசலில் நிற்கும்போதும் குளிரூட்டி குடித்துக்கொண்டே இருக்கும். அதை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் அறிவுரையை நம் வெயிலில் நான் ஏற்பதில்லை.

நெடுஞ்சாலையில் கதை வேறு. அங்கே எதிரி காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக வளரும்; 90இலிருந்து 110க்குப் போனால் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. எஸ்யூவி உயரமானது என்பதால் காற்றில் மோதும் முகப்பும் பெரிது. சிறிய டர்போ இயந்திரமும் அழுத்தி மிதித்தால் தாராளமாகவே குடிக்கும். ஈப்போவுக்குப் போய் வந்தபோது 110இல் ஓட்டினேன். 410 கிலோமீட்டருக்கு 27.7 லிட்டர், அதாவது லிட்டருக்கு 14.8. அடுத்த முறை இடப்பக்கத் தடத்திலேயே 90ஐ ஒட்டி ஓட்டினேன். 412 கிலோமீட்டருக்கு 23 லிட்டர்தான்; லிட்டருக்கு 17.9. லாரி ஓட்டுநர்கள்கூட என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். டயர் காற்றைச் சரிபார்ப்பதும் உதவும், ஆனால் வேகத்தின் அளவுக்கு அல்ல.

ஆனால் என் ஓட்டத்தில் பெரும்பகுதி கிள்ளான் நெரிசல்தான். 12 என்ற கணக்கில் மாதம் 117 லிட்டர். நினைத்ததைவிட 43 லிட்டர் அதிகம். லிட்டர் 2.05 ரிங்கிட்டுக்கு விற்ற அந்நாளில் அது 88 ரிங்கிட். புதுச் சம்பளக்காரனுக்கு அது சிறிய தொகையல்ல. கடன் தவணையை இரண்டு மாதம் தள்ளிப் போட்டேன்.

இறுதியாண்டில் இருக்கும் என் தம்பி இப்போது அதே வகைக் காரைப் பார்த்து வைத்திருக்கிறான். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 திட்டத்தின் தொடக்க விலையான 1.99 ரிங்கிட்டில், லிட்டருக்கு 12 என்றே கணக்குப் போட்டு அவனிடம் கொடுத்தேன்: மாதம் 232 ரிங்கிட். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.