இறைச்சிக் கோழியின் வயிற்றில் நீர் ஏன்?

கடன்பட்டு வளர்த்த இறைச்சிக் கோழி ஐந்தாம் வாரத்தில் மூச்சு வாங்கி, கொண்டை நீலம் பாரித்து இறந்துவிடுகிறது. வெட்டிப் பார்த்தால் வயிறு நிறைய மஞ்சள் நீர். ‘ஓமோன் ஊசியின் வேலை’ என்பார்கள். அதன் வேகமான வளர்ச்சி ஊசியால் வந்ததல்ல; பல தலைமுறையாக இனம் தெரிந்து பெருக்கியதால் வந்தது.

ஆயினும் கோழியின் சொந்த ஓமோனுக்கு இதில் பங்குண்டு. குளிர் பட்டால் தைரொயிட் ஓமோன் கூடி உடற்சூட்டைக் காக்கிறது. அதற்கு அதிக ஒட்சிசன் வேண்டும். இதயம் கூடுதல் குருதியை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. கோழியின் நுரையீரலோ விலாவோடு ஒட்டியது, விரிந்து கொடாது. அங்கே குருதி அமுக்கம் ஏற, வலது இதயவறை பருத்துத் தளர்கிறது. ஈரலில் குருதி தேங்கி, அதன் நீர் வயிற்றினுள் கசிகிறது. உவர்த் தண்ணீரும் இக்கேட்டைக் கூட்டும்.

முற்றிய பின் மருந்தில்லை. மாரி இரவுகளில் குஞ்சுகளுக்கு விளக்குச் சூடு கொடுப்போம். அதற்காகத் தறப்பாளால் கொட்டிலை முற்றாக மூடவேண்டாம். எச்சத்தின் அமோனியா நெடி சுவாசத்தைக் கெடுக்கும். இரண்டாம் வாரத்தில் தீனியைச் சற்றுக் குறைத்தால் இதயத்துக்குச் சுமை குறையும். நல்ல தண்ணீர் மனிதருக்கே போதாத இடத்தில் ஊர்க்கோழியே மேல் என்போம். மெல்ல வளரும் அதற்கு இந்நோய் அரிது.