நரம்பின் வழியே நகரும் சாயம்

மூளையில் நரம்பு இழைகள் அடர்ந்து பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் ஒரே ஓர் இழை எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குக் கைகொடுப்பது டை-ஐ என்னும் ஒளிரும் சாயம்.

தண்ணீரில் இது மங்கலாகவே இருக்கும். செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வுக்குள் புகுந்துவிட்டாலோ பளிச்சென்று ஒளிரத் தொடங்கும். நுண்ணோக்கியில் பச்சை ஒளியைப் பாய்ச்சினால், செம்மஞ்சள் நிறத்தில் இழை முழுவதும் தெரியும். 1986-இல் ஹானிக், ஹ்யூம் என்ற இரு ஆய்வாளர்கள், இந்தச் சாயம் ஏற்றிய நரம்பு செல்கள் ஆய்வகத் தட்டில் வாரக்கணக்கில் உயிரோடு வளர்வதைக் காட்டினார்கள்.

அதைவிட வியப்பானது இன்னொன்று. ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவிலும் இது வேலை செய்யும்! சாயத்தின் சிறு படிகம் ஒன்றை ஊசி முனையில் எடுத்து, திசுவில் வேண்டிய இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். செல்லுக்கு உயிர் இல்லாவிட்டாலும் சவ்வு அப்படியே இருப்பதால், அதன் வழியே சாயம் தானாகவே பரவும். ஆனால் மெதுவாகத்தான், சில மில்லிமீட்டர் கடக்கவே பல வாரங்கள் ஆகலாம்.

உயிருள்ள மனித மூளையில் இப்படிச் சாயம் வைத்துப் பார்க்க முடியாது. அதனால், இறந்தபின் தானமாகக் கிடைக்கும் மூளைத் திசுவில் நரம்புப் பாதைகளைத் தேட இந்தப் பொறுமையான முறை பெரிதும் உதவுகிறது.